சிற்றோடையும் பேராறும்: தயற்றப் பல்வகைமை பற்றிய ஒரு கருதுகோள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

நீரோட்டம் பெருகப் பெருக அதில் வாழும் தயற்றங்களின் இனத்தொகையும் பெருகும் என்பது நன்னீர்ச் சூழலியல் நூல்களிற் பலகாலம் பயின்றுவரும் ஒரு கூற்றாகும். (தமிழ்நாட்டார் டயட்டம் என எழுதும் அந்தச் சிலிக்கா ஓட்டு அல்காக்களையே நாம் தயற்றம் என்கின்றோம்.) இக்கூற்றுப் பிழையென்பது எமது வாதமன்று. அது எதனை விளக்குகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இத்துறையில் முதலிற் குறிப்பிடப்பட வேண்டியவர் பிலடெல்பியா இயற்கை விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ரூத் பற்றிக் (1907–2013) ஆவார். 1967 இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று, தயற்றச் சாகியத்தின் அமைப்பு மூன்று காரணிகளிற் தங்கியுள்ளது எனக் காட்டிற்று: குடியேறும் வீதம், குடியேறக் கூடிய இனங்களின் தொகுதி, வாழிடத்தின் பரப்பு. நீரில் வைத்த கண்ணாடித் துண்டுகளின் பரப்பை மாற்றியும் நீர் பாயும் அளவை மாற்றியும் அவர் பரிசோதித்தார். குடியேற்றம் குறையும்போது இனத்தொகையும் குறைந்தது. குறைந்தவற்றுட் பெரும்பாலானவை சிறு எண்ணிக்கையில் வாழும் அரிய இனங்களே. மக்காதரும் வில்சனும் தீவுகள் பற்றிய தமது கோட்பாட்டை நூலாக்கிய ஆண்டும் 1967 ஆகும். ஓடைக் கல்லொன்றைத் தீவாகக் காண்பதற்கு அக்காலச் சிந்தனையிலே இடமிருந்தது.

எனினும் கண்ணாடித் துண்டின் பரப்பு வேறு, ஆற்றின் பருமன் வேறு. பின்வந்தோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர் என்றே நாம் கருதுகின்றோம். ஆறு அகலும்போது பரப்பு மட்டுமா மாறுகின்றது? ஒளி, வெப்பம், கலங்கல், போசணை யாவும் உடன் மாறுகின்றன. 1980 இல் வனற், மின்சல், கமின்ஸ், செடெல், குஷிங் ஆகியோர் முன்வைத்த ஆற்றுத் தொடர்ச்சிக் கோட்பாடு இதனை உணர்ந்திருந்தது. மரநிழல் மூடிய தலையோடையில் ஒளி குறைவு. நடுத்தர ஆற்றில் அது தரைவரை எட்டும். பேராற்றிற் கலங்கலும் ஆழமும் அதனைத் தடுக்கும். ஆகவே உயிர்ப் பல்வகைமை நடுத்தர ஆறுகளில் உச்சமடையும் என அவர்கள் எதிர்பார்த்தனர். ஆயின் இவ்வாதம் காடு சூழ்ந்த இடைவெப்ப வலய ஓடைகளை மனத்திற் கொண்டெழுந்தது. மரமற்ற மலைச்சரிவில் ஊறும் ஓடைக்கு நிழலேது? அங்கு வாதத்தின் முதற்படியே நழுவிவிடுகின்றது.

அளவீடு பற்றியும் ஒரு சொல். ஓடையின் பருமனைக் குறிக்க ஸ்ட்ராலரின் வரிசைமுறை பெரிதும் கையாளப்படுகின்றது. ஒரே ஓடை, படத்தின் அளவுத்திட்டம் மாறின், வேறு வரிசை எண்ணைப் பெறக்கூடும். இதனிலும் பெரிய இடர் எண்ணும் முறையில் உள்ளது. பற்றிக்கின் குழுவினர் ஒரு மாதிரியிற் பல ஆயிரம் ஓடுகளை எண்ணினர். இன்றைய வழமையான ஆய்வுகளில் முந்நூறு முதல் அறுநூறு வரை எண்ணுவதோடு நிறுத்திவிடுவர். அரிய இனங்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் வருவதற்கு முன்னரே எண்ணிக்கை முடிந்துவிடுகின்றது. ஓடைக்கும் ஆற்றுக்கும் இடையே இருப்பதாகக் கூறப்படும் வேறுபாடு முக்கியமாக இவ்வரிய இனங்களிலேயே தங்கியிருக்குமாயின், இத்தகைய எண்ணிக்கைகளைக் கொண்டு அதனை நிறுவுவது எங்ஙனம்?

போசணை பற்றிய வினா இவையனைத்திலும் கூர்மையானது. ஐக்கிய அமெரிக்காவின் ஓடைகளை ஆராய்ந்த சோபியா பாசி, 2008 இல், குறைபடும் போசணைகளின் எண்ணிக்கை கூடும்போது தயற்ற இனத்தொகை குறைகின்றது எனக் காட்டினார். இதன் மறுபக்கத்தை நோக்குக. பெரிய ஆறு வயல்களையும் நகரங்களையும் கடந்தே வருகின்றது. பசளையும் கழிவும் அதனோடு சேர்கின்றன. ஓரளவுக்குட்பட்ட செழிப்பு இனத்தொகையைக் கூட்டிக் காட்டலாம். அதனைப் பருமனின் கொடை எனக் கொள்வது ஆற்றங்கரையின் உற்பத்தி முறையை ஆற்றின் இயல்பாக்கிவிடுவதாகும். இனத்தொகையையே நீரின் நலத்துக்குச் சான்றாகக் கொள்வோர் இங்கு இருமடங்கு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

இஃது ஆய்வுகூடத்துப் பிணக்கு மாத்திரமன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஆற்று வலையமைப்பு நீளத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு முதல்வரிசை ஓடைகளே என 1964 இல் லியோபோல்டும் அவரது சகாக்களும் மதிப்பிட்டிருந்தனர். 2023 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சாக்கெற் வழக்கில், தூய நீர்ச் சட்டத்தின் காப்பு ஒப்பளவில் நிலையான நீர்நிலைகளுக்கும் அவற்றோடு தொடர்ச்சியான மேற்பரப்பு இணைப்புடைய ஈரநிலங்களுக்குமே உரியது எனத் தீர்ப்பளித்தது. மழையில் மட்டும் ஓடும் சிற்றோடைகள் அதனுட் படா. சிற்றோடையில் இனம் குறைவு என்ற கூற்று இத்தகைய சூழலில் யாருக்குப் பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூற்று உண்மையேயெனினும் அது தனியோடை பற்றியது. ஒன்றிலொன்று வேறான நூறு தலையோடைகளில், ஒவ்வொன்றிலும் இனம் சிலவாயினும், ஒட்டுமொத்தத் தொகை கீழாற்றின் தொகையை விஞ்சக்கூடும். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளில், அழிவபாயப் பட்டியலில் உள்ள தயற்றங்கள் பல வாழ்கின்றன. ஓர் ஓடைக்கு ஓர் எண் என எழுதிச் செல்லும் அட்டவணையில் அவற்றுக்கு நிரல் கிடையாது. பற்றிக் எண்ணியவாறு ஆயிரக்கணக்கில் எண்ணி, தலையோடைகளைத் தனித்தனியே அன்றித் தொகுதியாகவும் கீழாற்றோடு ஒப்பிட்டாலன்றி இவ்விவாதம் தீராது.