எண்ணிக்கை சரி

புனிதர் சரிதங்களை நான் உரைநடைக்காகத்தான் படிக்கிறேன், அதுவும் ஆங்கிலத்தின் வழியாக. விபொராடாவிடம் வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

இன்றைய ஸ்விட்ஸர்லாந்தில் உள்ள ஸாங்க்ட் காலன் மடத்தை அடுத்து வாழ்ந்தவள் அவள். 916இல் மாங்கென் கோயிலை ஒட்டிய அறை ஒன்றில், தன் விருப்பத்தின் பேரில், சுவர் வைத்து அடைக்கப்பட்டாள். மடத்து நூல்களுக்கு உறைத்துணி செய்து கொடுத்தாள். மகியார்கள் வரப்போவதாக எச்சரித்து, முதலில் நூல்களைக் காப்பாற்றச் சொன்னாள். மடாதிபதி எங்கில்பெர்ட் அவற்றை ரைஷெனாவ் தீவு மடத்துக்கு அனுப்பினார். துறவிகளும் விலகிப் போனார்கள். அவள் அறையை விட்டு வர மறுத்தாள். 926 மே மாதத் தொடக்கத்தில், கூரையைப் பிரித்து இறங்கியவர்கள் அவள் தலையில் கோடரியால் வெட்டினார்கள். 1047இல் ரோம் அவளைப் புனிதராக அறிவித்தது. படங்களில் அவளுக்கு அடையாளம் ஒரு நூலும் ஒரு கோடரியும்.

அவளைப் பற்றிய இரண்டு லத்தீன் சரிதங்களும் அதே மடத்துத் துறவிகள் எழுதியவை. கடன்பட்டவனின் உரைநடைக்கு ஒரு குணம் உண்டு. அதில் எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. சாவு தரிசனத்தில் முன்பே காட்டப்பட்டுவிடுகிறது; ஆகவே கூரை பிரியும் கணத்தில் அவளுக்குப் பயம் கிடையாது. பயத்துக்கு இடமில்லாத உரைநடையில் துணிவுக்கு மட்டும் எப்படி இடம் இருக்கும்? தியாகி எஞ்சுகிறாள். அந்த இருட்டறையில் பத்து வருஷம் மூச்சு விட்டவள் காணாமல் போகிறாள்.

இதே படையெடுப்பை நூறு வருஷத்துக்குப் பின் மடத்தின் வரலாற்றில் நாலாம் எக்கெஹார்ட் எழுதினார். அவர் கையில் உயிர் பெறுபவன் ஹெரிபால்ட் என்ற அசட்டுத் துறவி. அந்த வருஷம் தன் காலணிக்குத் தோல் தரப்படவில்லை என்பதற்காக ஓட மறுக்கிறான். எதிரிகளோடு உண்டு குடித்துப் பிழைத்தும் கொள்கிறான். அவனுக்கு யாரும் கடன்படவில்லை. எனவே அவன் மனிதனாகவே இருக்க முடிகிறது.

எக்கெஹார்ட் போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்கிறார். ரைஷெனாவிலிருந்து நூல்கள் திரும்பியபோது எண்ணிக்கை சரியாக இருந்ததாம். ஆனால் வந்தவை போன நூல்கள் அல்லவாம்.

நான் வங்கிக் குமாஸ்தா. மாலையில் கணக்கு டேலியானால் வீட்டுக்குப் போகலாம். தவறான பெயரில் பற்று வைத்தாலும் கணக்கு டேலியாகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விபொராடாவின் சரிதங்கள் அப்படி டேலியானவை. தரிசனம், எச்சரிக்கை, காயம், பட்டம் எல்லாம் சரி. ஆள் மட்டும் வேறு.

சென்ற வருஷம் இறந்துபோன ஒரு நண்பரைப் பற்றி நான் எழுதிய அஞ்சலிக் கட்டுரையை இதன் பிறகு எடுத்துப் பார்த்தேன். அவரிடம் நான் பட்ட கடன் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. அவருக்கு இருந்த பயம் ஒரு வரியிலும் இல்லை.