ஜீவாளியும் சவுண்ட் கார்டும்

சவுண்ட் கார்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு அண்ணாச்சி. கடையநல்லூரிலும் சுற்றுப்பட்டியிலும் கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் நாற்பது வருஷம் மைக்செட் கட்டியவர். துபாயிலிருந்து வந்த மச்சான் எனக்கு ஒரு நல்ல 32 ஓம் ஹெட்போன் கொண்டுவந்திருந்தான். அதை லேப்டாப்பில் மாட்டி மாதக்கணக்கில் கேட்டும் பாட்டில் ஏதோ குறைந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் காதில் மாட்டிக்கொண்டதும் நான் பாட்டைப் போடப் போனேன்.

"பாட்டைப் போடாதிய தம்பி. மொதல்ல சும்மா கேப்போம்."

வால்யூமை முழுக்க ஏற்றச் சொன்னார். எதுவும் ஓடவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்தார். பிறகு மவுஸை அசைக்கச் சொன்னார். "கேளுங்க, மவுஸு ஓடும்போது உள்ள ஒரு வண்டு இரையுது" என்று ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நிஜம்தான். மவுஸை நகர்த்தினால் மெல்லிய கிர்ர். நிறுத்தினால் நிற்கிறது. அடியில் இன்னொரு இரைச்சல் இருந்தது, சார்ஜரைப் பிடுங்கியதும் அதுவும் அடங்கியது. அத்தனை மாதமும் இந்த இரைச்சலின் மேல்தான் நான் தம்பூரா கேட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தக் கார்டை வாங்கினாலும் முதலில் அதன் நிசப்தத்தைத்தான் கேட்கிறேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி எடுக்கின்றன. இந்த ஹெட்போனில் சாதாரணமாகக் கேட்கப் பத்தில் ஒரு பங்கு வோல்ட்கூட வேண்டாம். சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒருவர் காதோடு ரகசியம் சொல்வது மாதிரியான சிக்னல் அது. அதனால்தான் யு.எஸ்.பி. வயரில் தொங்கும் வெளிப்பெட்டியை நான் விரும்புகிறேன். எண்களை ஒலியாக மாற்றும் வேலையை அந்தச் சந்தையை விட்டு வெளியே கொண்டுபோய்விடுகிறது. இன்றைய மதர்போர்டு சிப்புகள் மோசமில்லை. சில போர்டுகளில் ஒலிப் பகுதியைத் தனித் தீவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் போர்டில் வண்டு இரையவில்லை என்றால் கார்டு வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

கம்ப்யூட்டருக்குப் பாடக் கற்றுக்கொடுத்த பெருமையில் பெரும்பங்கு சிங்கப்பூருக்கு உண்டு. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் 1989ல் அங்கிருந்துதான் வந்தது. 1998ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் பலருக்கும் முதல் 'நல்ல' கார்டு. அதிலும் ஒரு பிசகு இருந்தது. சி.டி.யில் ஒலி நொடிக்கு 44,100 துளிகளாகப் பதிவாகியிருக்கும். லைவ் கார்டு உள்ளே எல்லாவற்றையும் 48,000 ஆக மாற்றித்தான் கையாளும். இடையில் இல்லாத துளிகளைக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. ஜால்ராவின் நுனியில் மணல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இன்றைக்கும் விண்டோஸில் செட்டிங் ஒன்று, பாட்டு ஒன்று என்று இருந்தால் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். மாற்றும் தரம் கூடியிருக்கிறது, ஆனாலும் கார்டைப் பாட்டின் அளவிலேயே ஓடவிடுவதுதான் முறை. பேஸ் பூஸ்ட், 3டி சரவுண்ட், கச்சேரி ஹால் என்று கூட வரும் மசாலாக்களை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் என்னை அசைப்பதில்லை. 16 பிட் என்றாலே 65,536 படிகள். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் கிடைக்கிறது. மதுரை ரோட்டில் புளியரைக்குப் போகும் லாரிகள் ராத்திரி முழுக்க உறுமும் இந்த ஊரில், அதற்கு மேல் கேட்கத்தக்க நிசப்தம் என் வீட்டில் இல்லை.

பெட்டியில் அச்சிடாத ஓர் எண்ணைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். ஹெட்போன் ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது கார்டு தன் பக்கத்தில் வைத்திருக்கும் தடை. இதைத் தவிலை வைத்துச் சொன்னால் நம் காதுக்குச் சட்டென்று விளங்கும். தவிலின் வலந்தலையில் விரல்கூடுகள் விழுந்தால் ஓசை தெறிக்கும். மறுபக்கமான தொப்பியில் கழி விழுந்தால் அடிவயிற்றில் வந்து நிற்கும். நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். ஹெட்போனின் சவ்வை அசைப்பது ஆம்ப்ளிஃபயரின் பாதி வேலை. அசைந்ததைப் பிடித்து நிறுத்துவது மறுபாதி. கார்டின் தடை கூடினால் அந்தப் பிடி தளர்கிறது. பல ஹெட்போன்களில் கீழ்ச்சுருதி ஒலிகள் வீங்கியும் போகும். தொப்பியின் அடி தவிலாகக் கேட்காது, காலிப் பீப்பாயில் தட்டிய மாதிரி உருளும்.

ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கார்டின் தடை போகக்கூடாது என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. 32 ஓம் என்றால் 4 ஓம். 2009ல் வந்த ஏசுஸ் சோனார் எசன்ஸ் எஸ்டிஎக்ஸ் பேர்பெற்ற கார்டு, 600 ஓம் ஹெட்போனையும் ஓட்டும் என்று விற்றார்கள், ஓட்டவும் செய்தது. ஆனால் அதன் ஹெட்போன் ஜாக்கின் தடை பத்து ஓமை ஒட்டியது. என் 32 ஓமுக்கு அது பொருந்தாத சம்பந்தம். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்போனுக்கு அதுவே நல்ல ஜோடி, அதற்குத் தேவையான வோல்டேஜும் அதில் தாராளம். விரல் நீள யு.எஸ்.பி. டாங்கிளை இந்த 300 ஓமில் மாட்டினால் பெரும்பாலும் மூச்சு வாங்கும். என் 32 ஓமில் மாட்டினால் அருமையாகப் பாடும். ஹெட்போனைச் சொல்லாமல் கார்டை மட்டும் விசாரிப்பவரிடம் எனக்குப் பதில் இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் இன்வெர்ட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் சார்ஜர் தன் இரைச்சலை யு.எஸ்.பி. வழியாக வெளிப்பெட்டி வரைக்கும் அனுப்பிவிடும். வீட்டு எர்த் சரியில்லாத மூன்று பின் ப்ளக்கும் இப்படித்தான். ஒலி சந்தேகமாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். கார்டின் மேல் போட்ட பழி பல சமயம் அங்கேயே தீரும்.

இனி கேட்பதற்கு வருவோம். எந்தக் கார்டுக்கும் நான் முதலில் வைப்பது வெறும் தம்பூரா. தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலிழை வைப்பார்கள், ஜீவாளி. அதை மயிரிழை நகர்த்தினால் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். அந்த ரீங்காரத்தின் வால் மெலிந்து மெலிந்து எங்கே முடிகிறது என்று கேளுங்கள். சுமாரான கார்டில் வால் பாதியிலேயே இரைச்சலுக்குள் முழுகும். நல்ல கார்டில் அடுத்த மீட்டு வரும்வரை இழை அறுவதில்லை. இரண்டாவதாக இளையராஜாவின் 1986 ஆல்பமான 'ஹௌ டு நேம் இட்'. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வில் திரும்பும் இடங்களைக் கவனிப்பேன். வில் தந்தியைப் பிடிக்கும் அந்தச் சிறு உராய்வு முள்ளாகக் குத்தவும் கூடாது, வழுக்கிக்கொண்டு போகவும் கூடாது.

புதுப்பெட்டி வந்த அன்று அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். முதலில் நிசப்தம். மவுஸை அசைத்தேன், சார்ஜரைக் குத்தினேன். தலையை ஆட்டி, "இப்பம் போடுங்க" என்றார். காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டேன். அருணாசலம் 1921ல் பிறந்து 1964ல் மறைந்தவர். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்ட அந்த ஆபேரி ராகத்தைத் தெரியாத நாதஸ்வரப் பிரியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். அண்ணாச்சி ஏழெட்டு வயசில் அப்பாவோடு போய் ஒரு கொடையில் அவரை நேரில் கேட்டவர்.

பதிவு மோனோ, டேப்பின் 'ஸ்ஸ்' முழுக்க இருக்கிறது. நல்ல கார்டு அதை மறைக்காது. ஆனால் அந்த 'ஸ்ஸ்' ஒரு திரையாகப் பின்னால் நின்றுகொள்ள, நாதஸ்வரம் முன்னால் வந்துவிடுகிறது. நீண்ட பிடி ஒன்று முடியும் இடத்தில் நாதஸ்வரத்தின் சீவாளியிலிருந்து உதடு விலகுவதும், அடுத்த பிடிக்கு அவர் மூச்சு எடுப்பதும் கேட்கிறது.

அண்ணாச்சி இருபது நிமிஷம் பேசவில்லை. தவில் தனி ஆரம்பித்ததும் வலது கை, ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்புவது போல, தன்னால் கொஞ்சம் உயர்ந்து திரும்பியது. ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்:

"மைக்கு ஒண்ணுதான் வச்சிருக்காங்க தம்பி. அதும் நாயனத்துக்கு நேரா. தவில்காரர் ரெண்டு முழம் பின்னால தள்ளி உக்காந்திருக்காரு."