பால்பல் சாட்சி

உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வழக்கமான வழி ரத்தப் பரிசோதனை. ஆனால் ரத்தத்துக்கு மறதி அதிகம். அதில் கலந்த ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எலும்பும் பல்லும் அப்படியல்ல. கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் ஈயம் உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் இதைப் பிடித்துக்கொண்டார். ஊசியும் அழுகையும் வேண்டாம், தானாக விழும் பால்பல் போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சோமர்வில் ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பல் கேட்டார். 2,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். தலையணைக்கடியில் வைத்தால் தேவதை காசு தரும் என்று நம்பும் ஊர்களில் இது பெரிய தியாகம்தான்!

நான் ரசிப்பது ஒரு சின்ன ஏற்பாட்டை. பல்லை வாங்கும் ஆசிரியர், பிள்ளையின் ஈறில் புதுக்குழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். தம்பியின் பல்லை நீட்டினால் செல்லாது.

பல்லை அறுத்து, எனாமலுக்கு உள்ளிருக்கும் டென்டினில் ஈயத்தை அளந்தார்கள். அளவு கூடியிருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வகுப்பில் கவனம் சிதறுவதாக ஆசிரியர்களும், பல்லின் கணக்கு தெரியாமலேயே, எழுதியிருந்தார்கள். இத்தனைக்கும் பார்வைக்கு யாருக்கும் நோயில்லை. 1979-ல் முடிவு வெளியானது. பிற்பாடு நீடில்மேன்மீது புகார் கிளம்பி விசாரணைவரை போனது, மோசடி எதுவும் நிரூபணமாகவில்லை. காற்றில் ஈயத்தைக் கலந்துவந்த ஈய பெட்ரோல், 1996-ல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டது.