எண்ணூரைப் படிக்க எந்த நாட்டுக்குப் போவது?

2003-இல் வெளியான தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கை, மாவட்டங்களில் சென்னைக்கே முதலிடம் கொடுத்தது. இராயபுரமும் அந்தக் கணக்குக்குள்தான் இருந்தது. வசதியான அடையாறையும் இராயபுரத்தின் மீனவர் பகுதியான காசிமேட்டையும் ஒரே சராசரியில் போட்டால் காசிமேடு காணாமல் போகும். அந்தச் சராசரியை உடைத்துக் கேள்வி கேட்க, அங்கேயே வளர்ந்தவர்கள் வேண்டும். வடசென்னைப் பிள்ளைகள் வெளிநாட்டில் மேம்பாட்டுத் துறையில் பி.எச்டி. படிப்பதை நான் வரவேற்பது அதனால்தான்.

ஏன் வெளிநாட்டில்? வடசென்னையின் எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அதே மாதம் அங்குள்ள பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. இவற்றை நாம் உள்ளூர்க் கதையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவால் பாதிக்கப்பட்ட மீனவர்களும், தென்னாப்பிரிக்காவில் ஆலைகளுக்கு நடுவே வாழும் தெற்கு டர்பன் மக்களும் எதை எப்படிக் கேட்டார்கள் என்பதை அருகில் வைத்துப் படித்தால் நம் வழக்கின் பலமே வேறு.

ஆனால் பணம்? பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. 2022-இல் அதன் விதிகளில் ஒரு வரி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு நிதி இல்லை. அதற்கெல்லாம் இங்கேயே வல்லுநர்கள் இருக்கிறார்களாம். சாதி பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை அம்பேத்கர் 1916-இல் வாசித்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன! இந்த விதிப்படி பட்டியல் சாதியைச் சேர்ந்த எண்ணூர்ப் பெண் ஒருத்தி லண்டனில் பொறியியல் படிக்கலாம். தன் ஊரின் சமூக வாழ்வை ஆராய முடியாது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கோ இந்தக் கதவே கிடையாது. தமிழ்நாட்டில் மீனவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர் அல்லர், மிகப் பிற்படுத்தப்பட்டோர்.

படிப்பிலும் கோளாறு உண்டு. எந்த மடையில் எந்த இறால் வந்தது, எப்போது நின்றது என்று மணிக்கணக்காகச் சொல்வது மீனவர்கள். அது ஆங்கில ஆய்வேடாகிப் பல்கலைக்கழக நூலகத்தில் போய்ச் சேர்கிறது. ஆய்வாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை கிடைப்பது ஆங்கில ஆய்விதழில் எழுதினால்தான், குப்பத்தில் பேசினால் அல்ல. உள்ளூர்க்காரர் படித்தாலும் இதே கதிதான்.

உதவித்தொகை விதிகளில் நுழைத்த அந்த வரியை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். நிதி தரும் எந்த அரசும், ஆய்வேட்டின் தமிழ் வடிவத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கட்டும்.