பிரமாண்டமும் கதையும்: நடுவில் ஒரு பெண்

தமிழில் வரும் அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "கிராஃபிக்ஸ் பிரமாதம், கதைதான் இல்லை." இது பாதி உண்மைதான். ஆனால் காட்சியை ஒரு பக்கமும் கதையை ஒரு பக்கமும் வைத்து எடைபோடும்போது, திரையில் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பது கண்ணில் படாமலே போகிறது.

ஷங்கரின் 'எந்திரன்' (2010) படத்தில் வரும் தீ விபத்தை எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்பு எரிகிறது. சிட்டி என்னும் ரோபோ தீக்குள் புகுந்து ஆட்களை மீட்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை உடையில்லாமல் அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே விடுகிறது. கேமராக்கள் அவள் பக்கம் திரும்புகின்றன. கூசி ஓடுகிறவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள்.

இங்கே கதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதற்குப் பிறகுதான் விஞ்ஞானி வசீகரன் ரோபோவுக்கு மனித உணர்வை ஊட்டப் புறப்படுகிறார். அந்த உணர்வு சனாவின் மேல் காதலாகி, அவளைக் கடத்துவதில் போய் நிற்கிறது. ஒருத்தியின் சாவு இயந்திரத்துக்குப் பாடம். இன்னொருத்தி அது அடைய விரும்பும் பொருள். ரோபோவுக்கு மானம் தெரியாதது படத்தில் பெரிய குறை. கேமராவை இறக்காமல் நின்ற மனிதர்களுக்கு அது தெரியாதது குறையாகவே வரவில்லை. உயிரைவிட மானம் பெரிது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்றும் படம் கேட்பதில்லை.

அடுத்து வந்த '2.0' (2018) முப்பரிமாணப் படம். செல்போன்கள் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகின்றன. சனாவோ தொலைபேசியில் ஒலிக்கும் குரலாகச் சுருங்கிவிடுகிறாள். அவள் இடத்துக்கு வருவது நிலா, வசீகரன் செய்த பெண் ரோபோ. 'எந்திரன்' வசனத்தில் பங்குகொண்ட சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலிலும் ஒரு நிலா உண்டு. காணாமல்போன கணவனைத் தேடிப் புறப்பட்டு, சர்வாதிகார அரசோடு மோதும் பெண் அவள். அங்கே இயந்திரம் ஜீனோ என்ற நாய். அதே பெயர் சினிமாவுக்கு வந்தபோது, பெண்ணே இயந்திரமாகிவிட்டாள்.

அப்படியானால் கதை வலுவாக இருந்தால் போதுமா? ஆர். ரவிகுமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) கால இயந்திரத்தை வைத்துச் சிக்கலான கதையைக் குழப்பமில்லாமல் சொன்ன படம். அதிலும் இயந்திரத்தை ஓட்டிப் பிழைக்க வழி தேடுபவர்கள் இரண்டு ஆண்கள், அனு காதலி. மாறாக, 1963இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் தங்களுக்குக் கலை கற்றுத்தர பானுமதி நடித்த வாணியைத் தேடி வருகிறார்கள். அதன் விண்கலம் இன்று நமக்குச் சிரிப்பூட்டலாம். கடைசியில் அவளை மீட்பதும் எம்.ஜி.ஆர்.தான். ஆனாலும் ஒரு கிரகத்துக்கே தேவைப்படுவது ஒரு பெண்ணின் திறமை.

தாமல், காஞ்சிபுரம் பக்கத்துப் பெண்களுக்குக் கோர்வைப் புடவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், இரு கரையும் வேறு நிறம், மூன்று நாடா. நெய்பவரோடு இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். பல வீடுகளில் அது ஒரு பெண். கரையும் உடலும் கோத்துக்கொள்ளும் இடம் உறுதியாக இருந்தால்தான் புடவை நிற்கும். படத்தையும் நாம் அந்த இடத்தில்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். 'எந்திர'னில் காட்சியும் கதையும் கோத்துக்கொள்ளும் இடத்தில் கிடப்பது ஒரு பெண்ணின் உடல். கிராஃபிக்ஸ் நன்றா, கதை நன்றா என்பதைப் பிறகு பேசலாம். இவற்றைத் தாங்க யாரைப் பலி கொடுத்தார்கள் என்பதை முதலில் கேட்போம்.