தாழ்ப்பாளும் காந்தளும்

பெங்களூரிலிருந்து ஓசூரைக் கடந்து, தேன்கனிக்கோட்டை வழியாக ஜவளகிரியை நோக்கிப் போகும் வழியில், கேழ்வரகுக் கொல்லைகள் முடிந்து மூங்கில் புதர்கள் தொடங்குகிற ஓரிடத்தில், பன்றிக் காவலுக்காக உழவர்கள் கட்டியிருந்த பரண் ஒன்றின் நிழலில் அமர்ந்து ஒரு மாலைப்பொழுதில் நான் தொடங்கிய வேலை இன்றுவரை முடியவில்லை. முடியவேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை. புள்ளிமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் ஏற்றதாக, என் தோளுக்கும் கைக்கும் அளந்ததாக, ஒரு ரைபிளை ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களில் உறுப்பு உறுப்பாகத் திட்டமிட்டு வருகிறேன்.

அந்த ரைபிள் காட்டுக்குள் போகப்போவதில்லை. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமச்சீட்டு பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்ட 1991ஆம் வருஷத்துத் திருத்தமும் நம் நாட்டில் வேட்டை விநோதத்தை முடித்துவைத்தன. அது தர்மமான முடிவு என்பதே என் மனப்பூர்வமான அபிப்பிராயம். ஆனால், போர் ஒழிந்த பிறகு செஞ்சிக் கோட்டையின் மதில் வளைவைப் பார்த்து வியந்து நிற்பவன் யுத்தப் பிரியன் ஆகிவிடுவதில்லை. வேட்டைத் துப்பாக்கியின் சிறந்த வகையில் ஒரு தனிப்பட்ட சௌந்தரியம் இருக்கிறது. விலங்கு துன்பப்படாமல் இருக்க முதல் தோட்டாவே கடைசித் தோட்டாவாக வேண்டும் என்ற ஒரே விரதத்திலிருந்து அதன் ஒவ்வோர் அங்கமும் பிறக்கிறது என்பதுதான் அந்தச் சௌந்தரியத்தின் மூலம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்தச் சாலையில் துப்பாக்கியைப் பற்றிச் சிந்திக்கிறவன் கென்னத் ஆண்டர்சனை நினைக்காமல் இருக்க முடியாது. 1910இல் பிறந்து 1974இல் மறைந்த அவர், பெங்களூர்வாசி. பிற்காலத்தில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்று பெயர் பெற்ற விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவின் நிர்வாகியாக இருந்துகொண்டே, விடுமுறை நாட்களில் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் முதலான காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளின் அடிச்சுவட்டைத் தேடி அலைந்தவர். 1954இல் வெளிவந்த அவருடைய முதல் நூலிலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அவர் கையில் வாழ்ந்த ஆயுதம் ·405 அளவுள்ள விஞ்செஸ்டர், 1895ஆம் வருஷத்து மாதிரி. விசைக்காப்பாக அமைந்த நெம்புகோலை விரல்களால் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் வந்து நிற்கும். நாற்பது அடி தூரத்தில் புலி பாய்ந்து வரும்போது அந்த வேகம் உயிர்க்காப்பு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆண்டர்சனின் தேர்வு அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்திய தேர்வு. ஆனால் மானும் பன்றியும் வேறு பாடம் கற்பிப்பவை. அவற்றுக்காகத் திட்டமிடுகிறவன் வேகத்தைச் சற்றே விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கிக்கொள்கிறான்; அப்படித்தான் நான் போல்ட் ரைபிளிடம் வந்து சேர்ந்தேன்.

போல்ட் என்பது வேறொன்றும் இல்லை, நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்தான். பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். 1841இல் பிரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்ட டிரைசேயின் ஊசித் துப்பாக்கியில் தொடங்கிய இந்தத் தத்துவம், நெக்கார் நதிக்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் பால் மௌசர் என்ற கைவினைஞரின் பட்டறையில் முதிர்ந்து, 1898இல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற ரைபிளில் பூரணத்துவம் அடைந்தது. பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் எத்தனையோ மேதைகள் முயன்றும், அடிப்படையில் அதைக் கடந்துபோனவர் எவரும் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

அதன் அமைப்பைப் பாருங்கள். தாழின் முன்முனையில் இரண்டு திரண்ட இரும்புக் காதுகள். அவை குழலின் அடிவாயில் சுழன்று பொருந்தும்போது வெடிமருந்தின் முழு ஆவேசத்தையும் தாங்கிக்கொள்கின்றன. அவை இரண்டும் தோற்றுவிடுமோ என்ற எண்ணத்தில் பின்பக்கம் மூன்றாவதாக ஒரு காது. வழக்கமாக அது எதையும் சுமப்பதில்லை, சுமக்கவேண்டிய நாள் வராதிருக்கட்டும் என்று காத்திருக்கிறது. தோட்டாவின் விளிம்பைப் பற்றுவதற்கு நீண்ட வில்தகடு ஒன்று. அது தோட்டாப் பெட்டியிலிருந்து தோட்டா எழும்பிய கணத்திலேயே அதைக் கவ்விக்கொண்டு, குழலுக்குள் செலுத்தி, வெடித்தபின் வெற்றுக்கூட்டை வெளியே எறியும்வரை பிடியை விடுவதில்லை. குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு தெருவைக் கடக்கும் தாயைப் போன்ற அந்தப் பிடியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. நன்கு இழைத்த பழைய மௌசர் ஒன்றின் தாழை ஒருமுறை இழுத்துப் பார்த்தவன், எண்ணெயிட்ட தேக்குக் கதவு சத்தமின்றிச் சாத்திக்கொள்ளும் நிறைவை உள்ளங்கையில் உணர்வான். அடுத்த தோட்டாவுக்கு முன் கை தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கவேண்டிய அந்த நான்கு அசைவுகளே இதன் தர்மம். அவை உனக்கு இரண்டாவது வாய்ப்பை எளிதாகத் தருவதில்லை, ஆகவே முதல் வாய்ப்பை மதிக்கக் கற்பிக்கின்றன.

அடுத்துத் தோட்டா. புள்ளிமான் மெல்லிய உடம்புக்காரன். நூறு கஜத்துக்கு அப்பால், மரநிழலும் வெயிலும் கலந்த புல்வெளியில் நிற்பான். அவனுக்குத் துல்லியம் வேண்டும், மிதமிஞ்சிய பலம் வேண்டாம். காட்டுப்பன்றியோ அந்தி மயங்கும் வேளையில் ஐம்பது கஜத்துக்குள் வருவான். ஆண்பன்றியின் தோள்மீது வயதோடு தடித்துவரும் கேடயம் போன்ற தோலுக்குள் இறங்குவதற்கு எடை மிகுந்த குண்டு வேண்டும். இருவருக்கும் ஒரே துப்பாக்கி என்றால் எந்த அளவு? என் நோட்டுப் புத்தகத்தில் பல பக்கங்களை அடித்துத் திருத்திய பிறகு, மௌசரே உருவாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டாவில் வந்து நின்றேன். மானுக்கு 140 கிரெயின், அதாவது 9 கிராம் எடையுள்ள குண்டு. பன்றிக்கு 11 கிராமுக்குச் சற்றே மேற்பட்ட 175 கிரெயின் குண்டு. ஒரே குழல் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். தோளில் உதைப்பதும் மிதமானது, உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்கிறவனின் குறி எப்போதும் தவறும் அல்லவா?

இந்தத் தோட்டாவுக்கு நம் நாட்டில் பெரிய வம்சாவளி உண்டு. லண்டன் ஜான் ரிக்பி கம்பெனியார் மௌசரின் தாழமைப்பை வாங்கித் தம் கைத்திறனால் செதுக்கி, இதே தோட்டாவை ·275 ரிக்பி என்ற பெயரில் வழங்கினார்கள். 1907இல், 436 உயிர்களைப் பலிகொண்டதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் வீழ்த்தியபோது, அவர் கொண்டுபோன தோட்டாக்கள் தீர்ந்து, தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுடவேண்டியதாயிற்று. அந்தத் துப்பாக்கியின் குழல்கள் அடிவாயோடு இறுகப் பொருந்தாமல் இடைவெளி காட்டின. அதன்பின் ஐக்கிய மாகாணத்தின் துணை கவர்னர் ஹ்யூவெட் அவருக்குப் பரிசாக அளித்த ஆயுதம் மௌசர் தாழ் கொண்ட ·275 ரிக்பி. கட்டையில் பதித்த வெள்ளித் தகடு அந்த வரலாற்றை இன்றும் சொல்கிறது. பொருந்தாத குழலோடு மரணத்தை எதிர்கொண்டவனுக்கு, இறுகப் பூட்டிக்கொள்ளும் தாழைப் பரிசாகத் தந்தது எவ்வளவு பொருத்தம் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

குழலைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், அதன் அழகு வெளியே இல்லை. உள்ளே, கொடி சுற்றியது போல ஓடும் வரித்தடங்கள், 220 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று என்ற கணக்கில் குண்டைத் திருகிவிடுகின்றன. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு, அந்தக் கணக்குப்படி வினாடிக்கு 3,600 முறைக்கு மேல் சுழல்கிறது; பம்பரம் சுழலும்வரை சாயாதது போல, அதுவும் தன் அச்சில் நிலைத்துப் போகிறது. இவ்வளவு நுட்பமான வேலையை வெயில்பட்டு வளையும் மரம் ஒன்று கெடுத்துவிடக்கூடும் என்பதால், குழல் கட்டையின்மேல் எங்கே தொடவேண்டும், எங்கே ஒரு காகிதத் தாள் நுழையும் இடைவெளி விட்டு நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பது தேர்ந்த கைவினைஞனின் ரகசியம்.

மரத்துக்கு நான் மனத்தில் வைத்திருப்பது காஷ்மீரத்து அக்ரூட். ஈட்டி மரத்தின் கருமையும் தேக்கின் வாசனையும் எனக்குப் பிரியமானவைதாம். ஆனால் அக்ரூட்டைப் போல லேசாகவும் உறுதியாகவும் இருந்து, அதிர்ச்சியை விழுங்கி, உளிக்கு இணங்கிக் கொடுக்கும் மரம் அரிது. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டினால் நாள்தோறும் தேய்த்துத் தேய்த்து ஏற்றினால், மரத்தின் ரேகைகள் மெள்ள மெள்ள ஆழ்ந்து, ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் தெரியும் மணல் வரிகளைப் போல மிளிரும்.

கட்டையின் அளவைப் பற்றி எனக்கு ஞானம் தந்தவர், பெங்களூர்ச் சிவாஜிநகரின் குறுகிய சந்து ஒன்றில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த முதியவர். ஒருநாள் அவர் தம் வசம் இருந்த வெற்றுக் கட்டையை என்னிடம் நீட்டி, "கண்ணை மூடிக்கிட்டு தோள்ல வைங்க தம்பி" என்றார். வைத்தேன். "இப்ப தொறங்க" என்றார். திறந்தபோது, குறிமுள் இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே என் பார்வை நின்றது. "கட்டை உங்களுக்கு ஒசரம். கண்ணு தேடிப் போகக் கூடாது தம்பி, அதுவா வந்து நிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் தம் அரத்தை எடுத்துக்கொண்டார். தையற்காரன் உடம்பை அளப்பான். இவரோ பார்வையை அளந்தார். கன்னம் பதியும் மேட்டின் உயரம், விசைக்கும் தோளுக்கும் உள்ள தூரம், கட்டை வலப்புறம் சாயவேண்டிய இம்மியளவுச் சரிவு ஆகிய எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் வியாக்கியானங்களே என்று பிறகு புரிந்துகொண்டேன். விசையும் அப்படியே: ஒன்றரை கிலோ கனத்தில், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல, முன்னறிவிப்பு இல்லாமல் விடுபடவேண்டும்.

இவ்வளவு விலையுயர்ந்த கனவுகளைச் சொல்லும்போது, நம் நாட்டின் எளிய ரைபிளை மறந்தால் நன்றிகெட்டவன் ஆவேன். 1904இல் தொடங்கிய இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலை, லீ என்ஃபீல்டு தாழமைப்பைத் தழுவிச் செய்த ·315 ரைபிள், பட்டாளத்துத் தோட்டாக்கள் பொதுமக்கள் கையில் சேரக்கூடாது என்ற விதியினால் வேறு அளவு கொண்டது. முரட்டு மரம், அலங்காரமற்ற இரும்பு. ஆயினும் பயிர்க் காவலுக்கென்று எத்தனையோ குடும்பங்களின் சுவரில் தலைமுறை தலைமுறையாக அது தொங்கியிருக்கிறது. கைத்தறி வேட்டியின் கௌரவம் அதற்கு உண்டு.

பெங்களூரும் இந்தக் கலைக்கு அந்நியமான ஊர் அன்று. சுருள்வில் செய்வதில் பேர்பெற்ற ஸ்டம்ப், ஷூலே அண்ட் சோமப்பா குழுமத்திலிருந்து கிளைத்த எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் நிறுவனம், ‘வைப்பர்’, ‘சேபர்’ என்ற இரண்டு போல்ட் ரைபிள்களை இந்த நகரத்திலேயே வடிவமைத்தது. அவை போர்வீரனுக்கானவை; சேபர் எடுத்துக்கொள்ளும் ·338 லபுவா மேக்னம் தோட்டா என் நோட்டுப் புத்தகத்தில் இடம்பெறாது. ஆயினும் மௌசரின் ஊசியை முன்னே பாய்ச்சுவது ஒரு சுருள்வில்தான் என்பதை நினைக்கும்போது, சுருள்வில் செய்த கைகள் ரைபிள் செய்ய வந்தது இயற்கையான பரிணாமமாகவே தோன்றுகிறது.

ஆனால் துப்பாக்கி என்பது பரிபூரணமாக ஒரு வாழ்க்கைமுறைக்குள் அடங்கி நிற்பதைக் காணவேண்டுமானால், பெங்களூரிலிருந்து மேற்கே குடகுக்குப் போகவேண்டும். 1861இல் கமிஷனர் மார்க் கப்பன் — பெங்களூரின் பெரிய பூங்காவுக்குப் பெயர் தந்தவர் — குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். அந்த விலக்கை 2029 வரை மத்திய சர்க்கார் நீட்டித்திருக்கிறது. ஆண்குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டு, மரணம் நேர்ந்தால் இரண்டு வேட்டு என்று, பிறப்பையும் இறப்பையும் ஊருக்கு அறிவிப்பது அங்கே துப்பாக்கியின் வேலை. நாற்று நடும் மழைக்காலத்தில் ஆயுதங்கள் பூஜையறையில் ஓய்வெடுக்கும். நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போள்து பண்டிகையன்று அவற்றை எடுத்துத் துடைத்து, தீபம் காட்டி, மலர் சூட்டுவார்கள். இனிப் பயிர் முற்றும் காலம், பன்றிக்குக் காவல் இருக்கவேண்டிய காலம் என்பது அந்த வழிபாட்டின் பொருள். அன்று சூட்டும் மலருக்குக் குடகு மொழியில் தோக்பூ, அதாவது துப்பாக்கிப்பூ என்று பெயர். அந்த மலர் எது என்று கேட்டால் தமிழனுக்கு மெய் சிலிர்க்கும்: குறிஞ்சி நிலத்து முருகனுக்கு உரிய செங்காந்தள்.

அதை அறிந்த அன்று இரவு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். தாழ், தோட்டா, குழல், மரம், விசை என்று வரிசையாக எழுதி வந்தவனுக்குக் குழல்வாயின் அளவு மட்டும் பாக்கி இருந்தது. 7 மில்லிமீட்டர் என்று எழுதி, பக்கத்தில் வேறு மையினால் இன்னொரு வரியையும் சேர்த்தேன்: காந்தள் காம்பு ஒன்று தடையின்றி நுழையும்.