பூக்கும்வரை விட்டுவைத்த செடி

மூலிகை நடை, கீரை நடை என்று ஞாயிறு காலைகளில் இப்போது ஏரிக்கரைகளில் கூட்டம் சேர்கிறது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தால், சாறு சற்று நேரத்தில் கறுத்துப்போகும். ஒருமுறை கை கறுத்தவருக்கு அந்தச் செடி மறக்காது. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு கே.எம். மேத்யூ 1980-களில் கொண்டுவந்த தாவரத் தொகுதிகள் எனக்குப் பொக்கிஷம்தான். ஆனாலும் அந்தக் கறுப்பு கையில்தான் கிடைக்கும்.

சிக்கல் மஞ்சள் கரிசலாங்கண்ணியில் தொடங்குகிறது. சாலை நடுத்திட்டுகளில் தரையை மூடப் படரவிடும் அமெரிக்கச் செடி ஒன்று உண்டு. அதே மஞ்சள் பூ. நான் போன ஒரு நடையில் வழிகாட்டியே அதைக் கரிசலாங்கண்ணி என்றார். பலர் பையில் போட்டுக்கொண்டார்கள். நம்முடையதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். வந்ததன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரியும், பூவும் பெரிது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் நாற்பது செடி என்று ஓடும் நடையில் அந்த ஐந்து நிமிடம் இல்லை.

அதைவிட என்னை வருத்துவது, 'இது சர்க்கரைக்கு, அது சிறுநீரகத்துக்கு' என்று பெயரோடு ஒட்டிவரும் வைத்தியம். ஜி6பிடி நொதி குறைந்தவர்கள் குப்பைமேனியை உண்டு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. செங்காந்தளைப் பூவில் எவரும் அறிவார்கள். பூ இல்லாத நாளில் அதன் கிழங்கை வள்ளி என்று அவித்து உண்டவர்கள் இலங்கையில் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். எதைத் தொடக்கூடாது, சாக்கடை ஓரத்தில் எந்தக் கீரையையும் ஏன் பறிக்கக்கூடாது என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

ஒரு காலை நடை ஒரு பருவத்தை மட்டுமே காட்டும். அதே கரைக்கு ஐப்பசியிலும் தையிலும் சித்திரையிலும் போக வேண்டும்; தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் இரண்டிலைப் பருவத்திலேயே பிரித்தறியும், களையெடுக்கும் பெண்களுக்குக் கூலி கொடுத்து அழைத்துப்போக வேண்டும். அப்படி ஒரு அம்மாவிடம் பெயர் தெரியாத நாற்று ஒன்றைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்தேகமா இருக்கு சாமி, பூக்கட்டும்" என்று அதே வகைச் செடி ஒன்றைப் பிடுங்காமல் வரப்போரம் விட்டுவைத்தார். தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.